நலிவு என்று பெயரிட்டவர் யார்?

1979 ஜூலை 15 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சி வழியாக நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரை, ‘மலேஸ் உரை’ என்ற பெயரில் வரலாற்றில் நிலைத்துவிட்டது. மலேஸ் என்பது இன்ன நோய் என்று சுட்ட இயலாத உடற்சோர்வு. தமிழில் நலிவு எனலாம். உரையின் முழு வடிவத்தையும் வரிவரியாகத் தேடினாலும் அச்சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. பேசியவர் சொல்லாத சொல் பேச்சுக்குப் பெயராயிற்று. இத்தோடு நின்றிருந்தால் அரசியல் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் இணைய வாகன எழுத்தாளர் ஒருவர் அச்சொல்லை எடுத்து, 1973 முதல் 1983 வரை வெளிவந்த அமெரிக்கக் கார்கள் அனைத்தின் மீதும் ‘மலேஸ் எரா’, அதாவது ‘நலிவுக் காலம்’, என்று ஒட்டினார். அவரளவில் அது அன்பு கலந்த கேலி. இன்று அது கேலியாக இல்லை. விலைப்பட்டியலிலும் ஏல அறிவிப்பிலும் பண்பாட்டு ஆய்வுக் கட்டுரைகளிலும் மேற்கோள் குறிகூட இல்லாமல் உலவும் காலப்பகுப்பாகிவிட்டது.

இதனைச் சொல்லாராய்ச்சி விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய கார்ச் சந்தையில் பெயர் விலையைத் தீர்மானிக்கிறது. விலை உதிரிப்பாக உற்பத்தியைத் தீர்மானிக்கிறது. உதிரிப்பாகம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு வண்டி சாலையில் ஓடுமா, காயலான் கடையில் நசுங்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஐம்பது ஆண்டு வயதான இரண்டு கதவுக் கூப்பே ஒன்றைத் தன் சம்பளத்தில் வாங்கி, தன் கையால் பழுது நீக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட நினைக்கும் ஒரு பள்ளி ஆசிரியரையோ தச்சுத் தொழிலாளியையோ அப்பெயர் நேரடியாகத் தொடுகிறது.

நன்னூல் பயின்றவர்க்கு இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் தெரிந்தவையே. ‘நலிவுக் காலம்’ காரணப்பெயரின் வேடத்தில் வருகிறது: கார்கள் நலிந்தன, ஆகவே அப்பெயர் என்கிறது. காரணமாகக் காட்டப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் வேடம் கலையும்.

முதற் காரணம் குதிரைத்திறன். 1970இல் காடிலாக் எல்டொராடோ கூப்பேயின் 500 கன அங்குல எஞ்சினுக்கு நிறுவனம் அறிவித்த திறன் 400. அடுத்த ஆண்டு 365. 1972இல் 235. 1976இல் 190. இந்த நான்கு எண்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் எவருக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் உருவம்தான் தோன்றும். காட்டுபவர்கள் மறைப்பது ஒன்றுண்டு. 1971க்கும் 1972க்கும் இடையே மாறியது பெரும்பாலும் அளவுகோல். அதுவரை எஞ்சினைத் தனியே கழற்றித் தாங்கியில் பொருத்தி, காற்று வடிகட்டியோ வழக்கமான புகைபோக்கிக் குழாயோ மின்னாக்கியோ இல்லாமல் ஓட்டி, கிடைத்த உச்ச எண்ணை ‘மொத்தத் திறன்’ என்று விளம்பரப்படுத்தினார்கள். 1972 முதல், காரில் உள்ளபடியே எல்லாத் துணைக்கருவிகளும் இணைந்த நிலையில் அளந்த ‘நிகரத் திறன்’ பொது வழக்காயிற்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய 1971ஆம் ஆண்டின் கார்வெட் எல்டி-1 எஞ்சின் ஒன்றே போதும். அவ்வாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் இரு எண்களையும் வெளியிட்டது. மொத்தம் 330, நிகரம் 275. இடையிலுள்ள 55 குதிரைகள் எங்கும் ஓடிப்போகவில்லை. அவை முதலிலிருந்தே லாயத்தில் இருந்ததில்லை.

வீழ்ச்சியே இல்லை என்று வாதிடுவதும் பொய்யாகும். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது; எல்டொராடோவின் 235க்கும் 190க்கும் இடையிலுள்ள சரிவு அளவுகோலால் வந்ததன்று. அது மெய்யான இழப்பு. அந்த இழப்பு எதற்காக என்று கேட்கும்போதுதான் ‘நலிவு’ என்னும் சொல் கூசத் தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்கு வரம்பு விதித்தது. அந்த வரம்பை எட்ட 1975ஆம் ஆண்டின் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் வினையூக்கியைப் பாழாக்கும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோல் நாடெங்கும் வந்தது. குறைந்த ஆக்டேன் கொண்ட அந்த எரிபொருளுக்காகவே அழுத்த விகிதம் முன்கூட்டிக் குறைக்கப்பட்டிருந்தது. 1976க்கும் 1980க்கும் இடையே அமெரிக்கர்களின் இரத்தத்தில் இருந்த சராசரி ஈய அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்தது என்று தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு காட்டியது. பெட்ரோலில் ஈயம் குறைந்த வளைகோடும் இரத்தத்தில் ஈயம் குறைந்த வளைகோடும் ஒன்றையொன்று ஒட்டியே இறங்கின. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அப்படியானால் எந்த உடலின் நலிவைப் பற்றி இந்தக் காலப்பகுப்பு பேசுகிறது? சாலையோரக் குடியிருப்புகளில் வளர்ந்த குழந்தைகள் நலம்பெறத் தொடங்கிய ஆண்டுகளை நலிவின் ஆண்டுகள் என்று எழுதுபவர், எஞ்சினின் நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு நாட்டின் உடல்நிலையைச் சொல்கிறார்.

அசிங்கமான மோதுதடுப்புகள் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. 1973 முதல் மணிக்கு 5 மைல் வேக மோதலில் விளக்குகளும் பிற பாதுகாப்புப் பாகங்களும் சேதமடையாத முன்பக்கத் தடுப்பு கட்டாயமாயிற்று. பின்பக்கத்துக்கும் விதி தொடர்ந்தது. அவை அழகில்லை, ஒப்புக்கொள்ளலாம். 1972இல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தோர் 54,000க்கும் மேல். 1975இல் 45,000க்கும் கீழ். எண்ணெய்த் தடை, மணிக்கு 55 மைல் வேக வரம்பு, குறைந்த பயணம் எனக் காரணங்கள் பல. மோதுதடுப்பைச் சேர்த்துப் புகழவேண்டியதில்லை. ஆயினும் இவற்றையெல்லாம் ஒரே சுருக்குப்பையில் போட்டு ‘சோர்வு’ என்று முடிச்சிடுவது எந்த வகை வரலாறு?

மூன்றாவது குற்றச்சாட்டு தரம். இதில்தான் அப்பெயரின் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது. ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் செவ்ரோலெ வேகா என்னும் சிறிய கார் மணிக்கு நூறு என்ற கணக்கில் உருண்டு வரவேண்டும் என்று நிர்வாகம் திட்டமிட்டது. ஒரு காருக்கு ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ 36 நொடி. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த அத்தொழிலாளர்கள் 1972 மார்ச்சில் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பூசல் முதன்மையாகக் கூலியைப் பற்றியதன்று. வேகத்தைப் பற்றியது, ஆள்குறைப்பைப் பற்றியது. வேகாவின் அலுமினிய எஞ்சின் கட்டையில் இரும்பு உறை இல்லாமல் விட்டது, உடற்பகுதி சில குளிர்காலங்களிலேயே துருவேறும் நிலையில் அதை விற்றது ஆகியவை வரைபலகையிலும் கணக்கறையிலும் எடுக்கப்பட்ட முடிவுகள். அவற்றைக் ‘காலத்தின் நலிவு’ என்று அழைத்தால் முடிவெடுத்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். எழுவாய் இல்லாத வாக்கியம் இப்படித்தான் வேலை செய்யும்: கார்கள் கெட்டன, யார் கெடுத்தார் என்ற கேள்வி இலக்கண வழியாகவே நீக்கப்பட்டுவிடும்.

இந்தக் கார்களைப் புனிதமாக்கும் முயற்சியும் கூடாது. அவற்றை விற்ற மொழியே பெரும் புளுகு. 1975இல் வந்த கிரைஸ்லர் கார்டோபா கூப்பேயின் விளம்பரத்தில் நடிகர் ரிக்கார்டோ மோண்டல்பான் தம் ஸ்பானிய உச்சரிப்பில் ‘கொரிந்தியத் தோல்’ இருக்கைகளைப் புகழ்ந்தார். கிரேக்கத்தின் கொரிந்து நகருக்கும் அத்தோலுக்கும் எந்த உறவும் கிடையாது. அது விளம்பர நிறுவனம் இட்டுக்கட்டிய சொல். காரணப்பெயர்போல் ஒலிக்கும் இடுகுறிப்பெயர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் காட்ட முடியாது. ‘லாண்டோ கூரை’ என்றார்கள். ஜெர்மானிய நகரொன்றின் பெயரால் வழங்கிய, கூரை மடங்கும் குதிரை வண்டியின் நினைவு அது. காரிலோ மடங்குவது எதுவுமில்லை, தகரத்தின் மேல் ஒட்டிய வினைல்தான். ‘புரூம்’ என்றார்கள், அதுவும் ஆங்கிலப் பிரபு ஒருவரின் பெயர்வழி வந்த குதிரை வண்டி. பின்தூணில் வெட்டிய சின்னஞ்சிறு கண்ணாடிக்கு ‘ஆப்பரா சாளரம்’. லிங்கன் மார்க் வரிசையில் கார்ட்டியே, ஜிவான்ஷி என்று நகைக்கடை, ஆடையகப் பெயர்களையே பதிப்பின் பெயராக்கினார்கள். கூப்பே என்ற சொல்கூட ‘வெட்டப்பட்டது’ என்னும் பொருள்கொண்ட பிரெஞ்சுச் சொல்தான். பின்னோக்கிய இருக்கை வெட்டப்பட்ட வண்டி. எழுபதுகளில் அந்தப் பெயரில் வெட்டப்பட்டிருந்தது இரண்டு கதவுகள் மட்டுமே. நீளமோ சில மாதிரிகளில் 19 அடியைத் தாண்டியது.

ஆனால் இந்தப் புளுகுகளுக்கு மயங்கியவர்கள் என்று ஒரு தலைமுறையையே ஏளனம் செய்வது எளிது. அவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்ப்பதற்கு உழைப்பு வேண்டும். 1976இல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற கார் வரிசை ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ். அதன் ‘சுப்ரீம்’ கூப்பே புறநகரெங்கும் நிறைந்திருந்தது. 1977இல் ஃபோர்டு தண்டர்பேர்டு 3,18,000க்கும் மேல் விற்றது. ‘நலிவு’ தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1973இல் மோட்டார் டிரெண்ட் இதழ் ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தது செவ்ரோலெ மான்டே கார்லோவை. அக்கார்களில் வாழ்ந்தவர்கள் தாங்கள் நலிவில் வாழ்வதாக அறிந்திருக்கவில்லை. ஆலையில் பணிமாற்று முறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மென்பஞ்சு இருக்கையும் குளிர்பதனமும் கொண்ட காரை முதன்முதலில் வாங்கிய ஒருவருக்கு, அரைக் கல் தூரத்தில் யார் முந்துகிறார் என்பது எந்த வகையிலும் அளவுகோல் அன்று. அளவுகோலைப் பின்னர் வந்தவர்கள், வேறு கார்களை நேசித்தவர்கள், கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்த வேறு கார்கள்தாம் இன்றைய சந்தையின் செவ்வியல் தொகுதி: 1964 முதல் 1970களின் தொடக்கம் வரையிலான ‘மசில் கார்’கள். தொகுதி என்ற ஒன்று உருவானால் அதைச் சுற்றிப் பாதுகாவலர்களும் போலிகளும் உருவாவது இலக்கியம் படித்தவர்க்குப் புதிதன்று. 1970 செவெல் எஸ்எஸ் கூப்பேயை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டில் ‘எஸ்எஸ்’ என்பது தனி மாதிரி அன்று, வாங்குபவர் சேர்த்துக்கொள்ளக்கூடிய விருப்பத் தொகுப்பு. ஆகவே வண்டி அடையாள எண்ணைப் பார்த்தால் அது எட்டு உருளை மாலிபு என்று மட்டுமே தெரியும். எஸ்எஸ்ஸா இல்லையா என்று தெரியாது. சாதாரண மாலிபுவில் எஸ்எஸ் சின்னங்களைப் பொருத்தினால் கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. விலை வேறுபாடோ மடங்குக் கணக்கு. எனவே சான்று தேடுகிறார்கள்: பெட்ரோல் தொட்டியின் மேலோ இருக்கைச் சுருள்கம்பிகளுக்கு அடியிலோ ஆலைத் தொழிலாளி செருகிவிட்டுப்போன கட்டுமானத் தாள், எஞ்சின் கட்டையில் குத்திய எண், முதல் விற்பனைப் பற்று. போன்டியாக்குக்கும் 1967க்குப் பிந்தைய ஃபோர்டுக்கும் ஆலைப் பதிவேடுகளிலிருந்து விலைக்குச் சான்று பெறலாம். செவ்ரோலெக்கு அமெரிக்காவில் அப்படி முழுமையான பதிவேடு எஞ்சவில்லை. இல்லாத இடத்தில் எலி தின்ற ஒற்றைத் தாள் வேதமாகிறது. அதற்கும் போலி அச்சிடுகிறார்கள்; எஞ்சின் எண்ணைத் தேய்த்து மறுபடி குத்துகிறார்கள்.

‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்னும் இந்த எண்பொருத்த வழிபாட்டின் விளைவு வினோதமானது. எண் பொருந்திய கார் ஓட்டப்படுவதில்லை; ஓட்டினால் எஞ்சின் பழுதாகலாம், பழுதானால் எண் போய்விடும். சாலைக்கென்று செய்த பொருள் தன் மதிப்பைக் காக்கச் சாலையைத் துறக்கிறது. பதிப்பியலில் மூலப்படியைத் தேடுவது பாடத்தை வாசிப்பதற்காக. இங்கு வாசிப்பதையே தடைசெய்துவிட்டு ஏட்டை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். முதலீடாகக் கார் வாங்கியவர்களுக்கு நேர்ந்த பழைய கதை ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. 1976இல் காடிலாக், எல்டொராடோவின் திறந்த கூரை வடிவத்தை அமெரிக்காவின் கடைசித் திறந்த கூரைக் கார் என்று விளம்பரம் செய்தது. அவ்வாண்டு 14,000 கார்கள் செய்தார்கள். கடைசி 200 ஒரே மாதிரியான வெள்ளை நிறம். பலர் வாங்கி ஓட்டாமல் மூடி வைத்தார்கள். எண்பதுகளில் திறந்த கூரைக் கார்கள் திரும்பி வந்தன; 1984இல் அதே எல்டொராடோ திறந்த கூரையோடு மீண்டும் வந்தது. வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டோம் என்று நீதிமன்றம் ஏறினார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு காரைத் துணியால் மூடி வைத்தவர்களுக்கு அதில் ஒரு மாலைப்பொழுதுகூடப் போகத் தோன்றவில்லை என்பதை எந்த நீதிமன்றத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

தொகுதிக்கு வெளியே நிற்கும் கூப்பேயை வாங்கப்போகிறவரின் நிலை வேறு. அவருக்குப் போலி பற்றிய அச்சமில்லை. கார்டோபாவை எவரும் போலியாகச் செய்வதில்லை. அவர் அச்சம் துரு. பின்கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் தேங்கும் நீர் பெட்டிப் பகுதியின் தளத்தைத் தின்னும். வினைல் கூரை மழைநீரைத் தன்னடியில் பிடித்துவைத்துக்கொண்டு வெளியே அழகு காட்டும். ஓரத்தை விரலால் அழுத்தினால் உள்ளே நொறுங்கும் ஓசை கேட்கும். மோதுதடுப்புக்கும் உடலுக்கும் இடையிலுள்ள நெகிழிப் பட்டைகள் வெயிலில் பொடிந்திருக்கும். இவையெல்லாம் செவெல்லிலும் கமாரோவிலும் உண்டு, ஆனால் அவற்றுக்கான தகரமும் ரப்பரும் இன்றும் புதிதாக அச்சடித்து விற்கப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு முழு உடலையே பட்டியல் பார்த்து வாங்கிச் சேர்த்துவிடலாம். கார்டோபாவுக்கும் எழுபதுகளின் தண்டர்பேர்டுக்கும் அப்படி இல்லை. பின்விளக்குக் கண்ணாடி உடைந்தால், செத்த கார் ஒன்றின் கண்ணாடியைத் தேட வேண்டும். கேட்பவர் குறைவு என்பதால் உற்பத்தி இல்லை. உற்பத்தி இல்லாததால் பழுது நீக்கச் செலவு காரின் விலையைத் தாண்டுகிறது. தாண்டுவதால் கார் நசுக்கப்படுகிறது. நசுங்கியதால் கேட்பவர் இன்னும் குறைகிறார்கள். இச்சுழலின் தொடக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதைச் சந்தைப் பொருளியலாளர்கள் சொல்வதில்லை. சொல்லியலாளர்களாவது சொல்ல வேண்டாமா?

எழுபதுகளின் கூப்பேக்களில் பலவற்றைத் தொடர்ந்து ஓட்டிக் காத்தவர்களும் உண்டு. நலிவு என்ற சொல்லை அவர்கள் கேட்டு நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதி, நியூ மெக்சிகோவின் எஸ்பன்யோலாப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களின் மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் மான்டே கார்லோவையும் கட்லஸையும் ப்யூக் ரீகலையும் தாழ்த்தி, வண்ணம் தீட்டி, நீரியல் விசையால் ஏறி இறங்கும்படி செய்து, மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஊர்வலமாக ஓட்டினார்கள். வேகத்தை அளவுகோலாக வைத்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எழுத்தில் வந்ததில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் அதே காலத்துச் செவ்ரோலெக்களைப் பெரிய சக்கரங்களின் மேல் உயர்த்தினார்கள். இவர்கள் வைத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். 1974 முதல் 1976 வரையிலான செவ்ரோலெ காப்ரிஸ் கூப்பே, பரந்த கண்ணாடிகளால் ‘கிளாஸ்ஹவுஸ்’. 1977க்குப் பிந்தைய கோணவடிவக் காப்ரிஸ் ‘பாக்ஸ்’. 1971 முதல் 1976 வரையிலான இம்பாலாவும் காப்ரிஸும் ‘டாங்க்’. சின்னத்தில் துள்ளும் மானைக் கழுதை என்று கேலிசெய்ததால் வந்தது என்பார்கள். அது நாட்டார் சொற்பிறப்பாகவும் இருக்கலாம். இருந்தாலும் சின்னத்தை உற்றுப் பார்த்தவர்களின் கதை அது. இவை நன்னூலார் ஏற்கக்கூடிய காரணப்பெயர்கள்: கண் முன்னுள்ள பொருளின் வடிவைப் பார்த்து வைத்தவை. ஒன்று வீட்டைச் சொல்கிறது, ஒன்று பெட்டியை, ஒன்று விலங்கை. எதுவும் நோயைச் சொல்லவில்லை.

பெயர் வைத்த இம்மக்களுக்குக் கிடைத்தது என்ன? கலிபோர்னியாவில் 1950களின் இறுதியிலிருந்தே சக்கர வட்டின் அடிவிளிம்புக்குக் கீழே உடல் தாழ்ந்த கார் சட்டவிரோதம். பிறகு நகரந்தோறும் ஊர்வல ஓட்டத்துக்குத் தடை. ஒரு தெருவில் குறித்த நேரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் கடந்தால் தண்டம் என்று விதிகள். ஏபி 436 என்னும் சட்டம் 2023இல் கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1 முதல் அம்மாநிலத்தில் இத்தடைகளை நீக்கியது. அதற்குப் பல்லாண்டு முன்பே, 1990இல், நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட 1969 ஃபோர்டு எல்டிடி ஒன்றை ஸ்மித்சோனியன் நிறுவனம் அருங்காட்சியகத்துக்கு வாங்கியிருந்தது. ஆக, அருங்காட்சியகத்துள் கலை, வெளித்தெருவில் குற்றம். இந்த முப்பதாண்டு இடைவெளியைப் பற்றிய கட்டுரைகள் வேண்டும். ‘நலிவுக் காலத்து வடிவமைப்பு’ பற்றிய கட்டுரைகள் போதும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. அதைத் தவிர்த்தால் நேர்மையாகாது. வினையூக்கி இல்லாத பழைய கார், ஓடும் ஒவ்வொரு மைலிலும் புதிய காரைவிடப் பன்மடங்கு நச்சுப்புகை கக்கும். கேலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் மட்டுமே ஓடும். இதை அன்றாட வண்டியாக்கு என்று எவரும் பரிந்துரைக்க முடியாது. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் ஒரு முரணைக் காண்பதில்லை. கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு மாதிரி வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 முதலானவற்றுக்கு உண்டு. செவ்வியல் என்று கொண்டாடப்படும், வினையூக்கியே அறியாத, 1970 செவெல் சோதனையின்றி ஓடும். தூய்மைக்காகத் திறனை இழந்த 1976 கட்லஸ், அக்காலத்துக் குழாய்களும் அடைப்பான்களும் எல்லாம் இருந்து சோதனையில் தேறினால்தான் ஓடும். அக்குழாய்களையோ எவரும் செய்வதில்லை. தூய்மையை முயன்ற கார் தண்டிக்கப்படுகிறது, முயலாத கார் தொகுதியில் அமர்கிறது. கட்டுப்பாடில்லாத மாநிலங்களின் உரிமையாளர்கள் சிலர் வினையூக்கியை அறுத்தெறிந்து ‘காரை விடுவித்தோம்’ என்கிறார்கள். அவர்களும் நலிவுக் கதையை நம்புபவர்களே. பாடத்தில் தமக்குப் பிடிக்காத அடிகளை நீக்கிவிட்டு அதையே செம்பதிப்பு என்று வெளியிடும் பதிப்பாசிரியருக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை.

இந்தியாவிலும் இதே சொல்நோயின் சாயல் உண்டு. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துடைய பதிவெண் தருகின்றன. நிபந்தனை: மூல வடிவில் இருக்க வேண்டும், சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி வழக்கமாகச் சாலையில் ஓட்டவும் கூடாது. மூலம் என்பதற்கு எவரிடமிருந்து இலக்கணம் கடன் வாங்கப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமன்று. எஸ்பன்யோலாவின் ஒரு தாழ்த்திய மான்டே கார்லோ இங்கு வந்தால், மூன்று தலைமுறை அதில் உழைத்த குடும்பத்தின் கைவண்ணம் முழுவதும் ‘பெருமாற்றம்’ என்ற ஒரே சொல்லில் தகுதியிழக்கும்.

எழுபதுகளின் அமெரிக்காவைப் பற்றி எழுதும் ஆய்வு மாணவர்கள் பலர் ‘மலேஸ் எரா’வை நிறுவப்பட்ட காலப்பெயராகக் கையாளுகிறார்கள், வழிகாட்டிகளும் அடிக்கோடிடாமல் விட்டுவிடுகிறார்கள். இருண்ட காலம் என்ற பெயரோடு மல்லுக்கட்டி எத்தனையோ பக்கம் எழுதிய தமிழ் வரலாற்றுத் துறைகளில் இந்தச் சொல் கேள்வியின்றி நுழைவது வியப்பு. மேற்கோள் குறி இடுவதற்கு இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். அதைவிடச் சிறிது கூடுதல் உழைப்புக்கு ஆயத்தமானவர்கள், அந்தப் பத்தாண்டின் கார் விளம்பரங்களையும் கிளாஸ்ஹவுஸ், பாக்ஸ், டாங்க் என்று அழைத்தவர்களின் பேச்சையும் அருகருகே வைத்து ஒரு சொற்தொகுதியைத் தொடங்கலாம். அந்தப் பேச்சுக்குரியவர்களில் முதல் தலைமுறைக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது.